ஈரம் ஆகாத கண்ணாடி

சன்னல் கண்ணாடி, மருந்துப் புட்டி, இணையத்தைச் சுமந்து கடலடியில் ஓடும் ஒளியிழை ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் மணல்தான். வேதியியல் அதைச் சிலிக்கா என்கிறது. கண்ணாடியாகும்போது அது சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் ஒழுங்கில்லாமல் பின்னிக்கொண்ட வலை. ஃபுளோரைடு கண்ணாடியில் இந்த இரண்டுக்குமே இடமில்லை. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஃபுளோரின் இருக்கிறது. சிலிக்கானின் இடத்தைச் சில கனமான உலோகங்கள் பிடித்துக்கொள்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடித் துண்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது, கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். வேறுபாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் அதிகம் பயன்படுவது 'ஸிப்லான்' எனப்படும் கலவை. நூற்றுக்கு 53 பங்கு சிர்கோனியம் ஃபுளோரைடு, 20 பங்கு பேரியம் ஃபுளோரைடு, 4 பங்கு லாந்தனம் ஃபுளோரைடு, 3 பங்கு அலுமினியம் ஃபுளோரைடு, 20 பங்கு சோடியம் ஃபுளோரைடு. இது எடைக் கணக்கு அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கு. சிர்கோனியம் வலையைக் கட்டுகிறது. பேரியமும் சோடியமும் அதைத் தளர்த்தி உருக வைக்கின்றன. சிறிதளவே சேரும் லாந்தனமும் அலுமினியமும் கலவை படிகமாக உறைந்துவிடாமல் தடுக்கின்றன. அந்த 3 பங்கு அலுமினியம் இல்லாவிட்டால் கண்ணாடியை இழையாக நீட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

இப்படி ஒரு கண்ணாடி எதற்கு என்ற கேள்விக்கு விடை அணுக்களின் அதிர்வில் இருக்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் எடை குறைந்த அணுக்கள். அவற்றின் பிணைப்போ வலுவானது. அதனால் அவை வேகமாக அதிர்கின்றன. அந்த அதிர்வோடு இசையும் அகச்சிவப்பு ஒளியைச் சிலிக்கா விழுங்கிவிடுகிறது. அலைநீளம் 2 மைக்ரானைத் தாண்டினால் நீண்ட சிலிக்கா இழையில் ஒளி தேறுவதில்லை. சிர்கோனியம் கனமானது, ஃபுளோரினுடன் அதற்குள்ள பிணைப்பும் இளகியது. அதிர்வு மந்தமாக இருப்பதால் விழுங்கும் எல்லை வெகுதூரம் தள்ளிப்போகிறது. ஸிப்லான் இழை 4 மைக்ரான் வரை ஒளியைக் கடத்தும்.

இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் அதன் உள்ளே அடர்த்தி மிக நுண்ணிய அளவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒளி அதில் பட்டுச் சிதறும். ராலே சிதறல் எனப்படும் இது, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இன்றைய தொலைத்தொடர்பு இழைகள் 1.55 மைக்ரானில் வேலை செய்கின்றன. அங்கிருந்து 2.5 மைக்ரானுக்குப் போனால் சிதறல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். சிலிக்கா அந்த அலைநீளத்துக்குப் போக முடியாது. ஃபுளோரைடு போக முடியும்.

கணக்குப் போட்டவர்களை மயக்கியது இதுதான். நல்ல சிலிக்கா இழையில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.15 டெசிபல். அதாவது 20 கிலோமீட்டர் போனால் ஒளி பாதியாகும். ஃபுளோரைடு இழையில் கோட்பாட்டளவில் 0.01 டெசிபலை எட்டலாம் என்று தெரிந்தது. அப்படியானால் ஒளி பாதியாகக் குறைய 300 கிலோமீட்டர் ஆகும். வழியில் ஒளியை ஊக்கப்படுத்தும் கருவிகள் அதிகம் இல்லாமலே கடலைக் கடக்கும் வடம் போட்டுவிடலாம் என்ற கனவு 1980களில் பிரான்ஸ், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வகங்களைப் பிடித்து ஆட்டியது.

கண்ணாடி கிடைத்த விதமோ இந்தக் கனவுக்குச் சம்பந்தமில்லாதது. பெரிலியம் ஃபுளோரைடு கண்ணாடியாக உறையும் என்பது 1920களிலேயே தெரிந்திருந்தது. ஆனால் அது கொடிய நஞ்சு, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே அதை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1974இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மார்சல் பூலென், மிஷல் பூலென் சகோதரர்களும் ழாக் லூக்காவும் சிர்கோனியம் ஃபுளோரைடை வைத்துப் புதிய படிகங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். படிகம் வர வேண்டிய இடத்தில் தெளிந்த கண்ணாடி வந்தது. படிக வேதியியலாளரின் பார்வையில் அது தோற்றுப்போன சோதனை. அதைக் குப்பையில் போடாமல் என்னவென்று பார்த்து, 1975இல் கட்டுரையாக வெளியிட்டதில்தான் இந்தத் துறையே பிறந்தது. ரென் நகரத்தை ஒட்டி அப்போது தொடங்கப்பட்ட லெ வேர் ஃப்ளுவோரே நிறுவனம் இன்றும் இந்தக் கண்ணாடியையும் இழையையும் செய்து விற்கிறது.

செய்முறையில் முதல் வேலை மூலப்பொருளைச் சுத்தம் செய்வது. பாதி வெற்றி இங்கேயே முடிவாகிவிடுகிறது. இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு ஆகிய உலோகங்கள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுபவை. நெடுந்தூர இழை செய்ய வேண்டுமானால் இவை நூறு கோடிப் பங்கில் ஒரு சில பங்குக்குமேல் இருக்கக் கூடாது. கடையில் 'தூய' வேதிப்பொருள் என்று விற்பது இதன் பக்கத்தில்கூட வராது. சிர்கோனியம் ஃபுளோரைடுக்கு நல்வாய்ப்பாக ஒரு வழி உண்டு. சூடாக்கினால் அது உருகாமல் நேரே ஆவியாகும். கற்பூரத்தைப் போலப் பதங்கமாகும் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, ஆவியைத் தனியே குளிரவைத்துப் படியவிட்டால் இரும்பு முதலியவை பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். லாந்தனத்துக்கு இந்த வழி இல்லை. அதன் கூடவே நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள் ஒட்டிக்கொண்டு வரும். நியோடிமியம் உறிஞ்சும் அலைநீளங்களில் ஒன்று சரியாக 2.5 மைக்ரானை ஒட்டியே அமைந்திருக்கிறது. எந்த அலைநீளத்தை நம்பி இத்தனை பாடுபடுகிறார்களோ அதே இடம்.

சிர்கோனியத்தோடு எப்போதும் சேர்ந்து வருவது ஹாஃப்னியம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படும் சிர்கான் கனிமத்திலும் இது உண்டு. அணு உலைக்குச் சிர்கோனியம் வேண்டுமானால் ஹாஃப்னியத்தை அறவே நீக்கியாக வேண்டும். நியூட்ரான்களை அது விழுங்கிவிடும். கண்ணாடித் தொழிலில் நிலைமை தலைகீழ். ஹாஃப்னியம் ஃபுளோரைடு சேர்ந்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றே குறையும், மற்றக் குணங்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இழையின் உள்ளகத்தைச் சூழும் மேலுறைக்கு அதுதான் தேவை. ஓரிடத்தில் களையாக இருப்பது இன்னோரிடத்தில் பயிராகிறது.

உலோக மாசைவிடத் தொல்லை தருவது ஈரம். சூடான ஃபுளோரைடோடு நீராவி சேர்ந்தால் இரண்டு கேடுகள் விளையும். ஒன்று, ஃபுளோரின் வெளியேறி அந்த இடத்தில் ஆக்சிஜன் உட்காரும். அதிலிருந்து உருவாகும் ஆக்சைடுத் துகள் ஒளியைச் சிதறடிக்கும், படிகம் வளர விதையாகவும் அமையும். இரண்டு, ஹைட்ராக்சில் தொகுதி கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு 2.9 மைக்ரான் அலைநீளத்தை உறிஞ்சும். வெளியேறும் ஃபுளோரினும் சும்மா போவதில்லை, ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவாகப் போகிறது. தோலை ஊடுருவி எலும்பின் கால்சியத்தையே தாக்கும் நச்சுப்பொருள் அது. ஆகவே வேலை முழுவதும் உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பிய மூடிய பெட்டிக்குள் நடக்கிறது. பெட்டியின் சுவரில் பொருத்திய நீண்ட ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் தொழிலாளர் பொருளைத் தொடுகிறார். எடை போடுவது, கலப்பது, உருக்குவது, வார்ப்பது எல்லாம் அந்தக் கையுறைக்குள் இருந்தே.

எவ்வளவு காத்தாலும் கொஞ்சம் ஆக்சைடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அதைப் போக்க அம்மோனியம் பைஃபுளோரைடு என்ற உப்பைக் கலந்து மிதமாகச் சூடாக்குவது பழைய முறை. அது ஆக்சைடை ஃபுளோரைடாக மாற்றிவிட்டுத் தானும் வாயுவாகப் பறந்துவிடும். ஆனால் அந்த உப்பே புதிதாக மாசு கொண்டுவரக்கூடும் என்பதால், முதலிலிருந்தே நீரற்ற ஃபுளோரைடுகளை மட்டும் வைத்துத் தொடங்குவதைப் பலர் விரும்புகிறார்கள். உருகிய குழம்பின்மேல் கந்தக ஹெக்ஸாஃபுளோரைடு, நைட்ரஜன் டிரைஃபுளோரைடு போன்ற வினைபுரியும் வாயுக்களைச் செலுத்தி எஞ்சிய ஈரத்தைத் துரத்துவதும் உண்டு.

உருக்குவதற்கு 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் போதும். சிலிக்காவோடு ஒப்பிட்டால் இது மெல்லிய சூடு. சிக்கல் மூசையில்தான் இருக்கிறது. மணற்கண்ணாடிக்கு உதவும் களிமண் மூசையை இந்தக் குழம்பு அரித்துத் தின்றுவிடும். பிளாட்டினம், தங்கம், கண்ணாடிபோல் இறுகிய கார்பன் ஆகிய மூன்றில் ஒன்றுதான் தாங்கும். பிளாட்டினத்திலும் பழுது உண்டு. வினைபுரியும் வாயு அதைச் சுரண்ட, கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் கண்ணாடியில் மிதக்கும். அந்த வாயுவைக் குறைத்தாலோ சிர்கோனியம் ஒடுக்கமடைந்து கரும்புள்ளிகளாக நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பது ஒவ்வொரு ஆலையின் சொந்தச் சரக்கு. யாரும் அதை முழுதாக வெளியில் சொல்வதில்லை.

அடுத்து வார்ப்பு. உருகிய ஸிப்லான் தண்ணீரைப்போல நீர்த்து ஓடும். மணற்கண்ணாடியின் பாகுத்தன்மை இதற்குக் கிடையாது. மெதுவாகக் குளிரவிட்டால் படிகமாகிவிடும். வேகமாகக் குளிர வைத்தால் வெடிக்கும். ஏனெனில் இதன் வெப்ப விரிவு சாதாரணச் சன்னல் கண்ணாடியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே பித்தளை அச்சை முன்கூட்டியே 260 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, அதில் குழம்பை ஒரே மூச்சில் ஊற்றுகிறார்கள்.

இழைக்கான தண்டுக்கு இரண்டு அடுக்கு வேண்டும்: நடுவில் ஒளிவிலகல் எண் கூடிய உள்ளகம், சுற்றிலும் குறைந்த மேலுறை. ஜப்பானில் இதற்கு ஓர் எளிய உபாயம் கண்டார்கள். மேலுறைக் குழம்பை அச்சில் ஊற்றியதும் சுவரை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். நடுப்பகுதி இன்னும் குழம்பாக இருக்கும்போதே அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்து அதை வடித்துவிட்டு, உண்டான குழியில் உள்ளகக் குழம்பை ஊற்றினார்கள். வேலை எளிது. ஆனால் குழியின் அளவு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்காது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் வேறு வழியில் போனது. மேலுறைக் குழம்பை ஊற்றிய அச்சை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழற்றியது. சுழற்சி விசையில் குழம்பு சுவரில் அப்பிச் சீரான குழாயாக உறைந்தது. உள்ளகத்தை அதன்பிறகு ஊற்றினார்கள். இன்றும் பேசப்படும் முறை இதுவே. வார்த்த தண்டை உடனே வெளியே எடுப்பதில்லை. அச்சோடு வைத்துப் பல மணி நேரம் படிப்படியாக ஆற்றுகிறார்கள்.

தண்டிலிருந்து இழையை இழுப்பது கடைசிக் கட்டம், மனம் பதறும் கட்டமும் அதுவே. சிலிக்காத் தண்டு 2000 டிகிரியை ஒட்டிய உலையில் இழுபடுகிறது; அங்கே பத்து இருபது டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் பெரிய பாதகமில்லை. ஸிப்லான் இழுபடுவது 310, 320 டிகிரி அளவில்தான். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் இழை அறுந்துவிடும். 350 டிகிரியை நெருங்கினால் படிகம் முளைக்கத் தொடங்கும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பாகுநிலை மிக வேகமாக மாறுவதால் உலையின் சூட்டை ஓரிரு டிகிரிக்குள் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. தண்டின் நுனி இளகிச் சொட்டாக இறங்கும். அந்தச் சொட்டைப் பிடித்து இழுத்து, சுழலும் உருளையில் மாட்டுகிறார்கள். இழையின் குறுக்களவை லேசர் அளவி இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, இழை காற்றின் ஈரத்தைத் தொடுமுன் அக்ரிலேட் பூச்சு ஏறிப் புறஊதா விளக்கின் கீழ் இறுகுகிறது. 12 மில்லிமீட்டர் குறுக்களவும் 12 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தண்டில் சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டால், 125 மைக்ரான் இழை 1.1 கிலோமீட்டர் கிடைக்கும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கில் இது அற்பம். ஒரே சிலிக்காத் தண்டு அங்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இழையாக நீளுகிறது.

இத்தனை பாடுபட்டும் 0.01 டெசிபலை யாரும் எட்டவில்லை. சில பத்து மீட்டர் நீளங்களில் கிலோமீட்டருக்கு அரை டெசிபல் என்ற அளவு வரை வந்தார்கள். சாதாரணச் சிலிக்கா இழையை இதனால் முந்த முடியவில்லை. நுண்படிகங்கள், குமிழிகள், உலோகத் துகள்கள் இவையே காலை வாரிவிட்டவை. இதற்கிடையில் 1987இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டனிலும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும் எர்பியம் கலந்த சிலிக்கா இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டிவிட்டார்கள். குறைந்த செலவில் வழியிலேயே ஒளியைப் பெருக்க முடிந்த பிறகு, இழப்பே இல்லாத இழையைத் தேடி யார் அலைவார்கள்? கடலடிக் கனவு அத்தோடு மூட்டை கட்டப்பட்டது.

கண்ணாடி மட்டும் சாகவில்லை. கிலோமீட்டர் கணக்கில் உதவாதது மீட்டர் கணக்கில் உதவியது. இதற்குக் காரணமும் அதே மந்தமான அதிர்வுதான். அரிய மண் அயனியை ஒளியூட்டிக் கிளப்பினால் அது ஒளியை உமிழ வேண்டும். சிலிக்காவுக்குள் இருக்கும்போது, சுற்றியுள்ள அணுக்களின் வேகமான அதிர்வு அந்த ஆற்றலைப் பல வேளைகளில் வெப்பமாகக் கறந்துவிடும். ஸிப்லானில் அதிர்வின் ஆற்றல் ஏறத்தாழ பாதிதான் என்பதால் அயனி நிதானமாக ஒளியை உமிழ்கிறது. பிராசியோடிமியம் கலந்த ஃபுளோரைடு இழை 1.3 மைக்ரான் ஒளியைப் பெருக்கும். சிலிக்காவில் இதே அயனி அந்த வேலைக்கு உதவாது. எர்பியம் கலந்த ஸிப்லான் இழை 2.8 மைக்ரானை ஒட்டி லேசராக ஒளிர்கிறது. நீர் மிகக் கடுமையாக உறிஞ்சும் அலைநீளம் 3 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருப்பதால், நீர் நிறைந்த உடல் திசுவை இந்த ஒளி ஆழப் போகாமல் மேலாகவே நுட்பமாக வெட்டும்.

வானியல் இந்த இழைக்கு நல்ல வேலை கொடுத்தது. தனித்தனித் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்று சேர்த்து, ஒரே மாபெரும் தொலைநோக்கிபோல் பயன்படுத்தும் குறுக்கீட்டுமானிகளில் 2 முதல் 2.4 மைக்ரான் வரையான ஒளியை இழையில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஃபுளோரைடு இழையைத் தவிர அதற்குப் பொருத்தமானது கிடைக்கவில்லை. சிலி நாட்டின் பரனால் மலையில் 2001இல் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் முதன்முதலில் ஒளியைச் சேர்த்தபோது பயன்பட்டது இந்த இழையே. அங்கே நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளை இணைக்கும் கிராவிட்டி கருவியிலும் இதுவே இருக்கிறது. பால்வீதியின் நடுவில் உள்ள கருந்துளையை எஸ்2 என்ற விண்மீன் 2018 மே மாதம் நெருங்கிச் சென்றதைப் பின்தொடர்ந்து அளந்த கருவி அது.

ஒளிப்படக் கருவிகளின் வில்லைகளில் பேசப்படும் ஃபுளோரைட் என்பதை இதோடு குழப்பிக்கொள்வது வழக்கம். கேனான் நிறுவனம் 1969இல் வில்லையில் சேர்த்தது கால்சியம் ஃபுளோரைடின் செயற்கைப் படிகம். அது கண்ணாடியே அல்ல. நிறப்பிரிகை குறைந்த வில்லைகளில் பரவலாக உள்ளது ஃபுளோரைடும் பாஸ்பேட்டும் கலந்த கண்ணாடி. அதில் ஆக்சிஜன் நிறையவே உண்டு. செய்வதும் இவ்வளவு கடினமில்லை.

சிர்கோனியத்தை விட்டுவிட்டு இண்டியம் ஃபுளோரைடை அடித்தளமாகக் கொண்டால் இழை 5 மைக்ரானுக்கும் அப்பால் வரை ஒளி கடத்தும். கார்பன் டை ஆக்சைடின் வலுவான உறிஞ்சல் 4.26 மைக்ரானில் இருப்பதால் வாயுக்களை அளக்கும் கருவிகளுக்கு இது தோது. அலுமினியம் ஃபுளோரைடு அடிப்படையிலான கண்ணாடி அவ்வளவு தூரம் கடத்தாது. ஆனால் ஈரத்தைத் தாங்கும். 3 மைக்ரான் லேசர் இழையின் நுனி காற்று ஈரத்தால் அரிக்கப்படுவது பெருந்தொல்லை என்பதால், அந்த நுனியில் அலுமினியம் ஃபுளோரைடு மூடி ஒட்டுவது உண்டு. தண்ணீரில் போட்டால் ஸிப்லான் இழை மெல்ல மெல்லக் கரையும். வாங்கியவர் அதை உலர்ந்த இடத்தில் வைத்து, கூர்மையாக வளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிகப் பிரச்சினைக்கு விண்வெளியில் தீர்வு தேடும் முயற்சியும் நடக்கிறது. நாசாவின் மார்ஷல் மையத்தைச் சேர்ந்த டென்னிஸ் டக்கர் 1990களில் எடையின்மைப் பறப்புகளிலும் ராக்கெட்டிலும் ஸிப்லான் இழைகளைச் சூடாக்கிப் பார்த்தார். தரையில் சூடாக்கியபோது படிகம் முளைத்தது. எடையற்ற நிலையில் முளைக்கவில்லை. புவியீர்ப்பு இல்லாதபோது குழம்புக்குள் ஓட்டமும் கனமான கூறு அடியில் இறங்குவதும் நின்றுபோவது இதற்குக் காரணமாகலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. இதை நம்பி 2017 இறுதியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சிறிய இழை இழுக்கும் பொறிகள் போகத் தொடங்கின. 2024 தொடக்கத்தில் ஃபிளாலெஸ் ஃபோட்டானிக்ஸ் நிறுவனத்தின் பொறி அங்கே ஒரே இழுப்பில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் இழை இழுத்தது.

விண்ணில் நீளமாக இழுக்க முடியும் என்பது இதனால் தெரிந்துவிட்டது. அந்த இழையில் இழப்பு 0.01 டெசிபலை நெருங்குமா என்பது வேறு கேள்வி. மூலப்பொருளில் உள்ள இரும்பும் நியோடிமியமும் எடையின்மையால் காணாமல் போய்விடாது. அவற்றைத் தரையிலேயேதான் களைந்தாக வேண்டும். இப்போதைக்கு ஃபுளோரைடு இழை ஆய்வகங்களுக்கும் லேசர் செய்பவர்களுக்கும் வானாய்வகங்களுக்கும் மீட்டர் கணக்கில் விற்கப்படும் சரக்கு.